தலைவலி ரகசியம்

கூட்டமாக மலையேறும்போது பெரிய எதிரி பனியோ பள்ளமோ அல்ல, கௌரவம். ‘நம்மால மத்தவங்களுக்கு லேட்டாயிடுமே’ என்று தலைவலியை மறைக்கிற கௌரவம்.

நேபாளத்தில் அன்னபூர்ணா மலைகளைச் சுற்றி நடந்தோம். எட்டுப் பேர். 5,416 மீட்டர் உயரத்தில் இருக்கிற தோரோங் லா கணவாயைத் தாண்டி இறங்கினால் முக்திநாத். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. ஆனால், அந்த உயரத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கிற ஆக்ஸிஜன், மெரினாவில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதிதான். 3,000 மீட்டருக்கு மேலே போய்விட்டால், படுக்கிற இடத்தை ஒரே நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதே என்பது டாக்டர்கள் சொல்லும் கணக்கு. தலை வலித்தால் அதே உயரத்தில் தங்கிவிட வேண்டும்.

மனாங் கிராமத்தைத் தாண்டிய மறுநாள் காலை, எங்களில் மூத்தவர் ரொட்டியைத் தொடவில்லை. “ஒண்ணுமில்லப்பா, தூக்கம் சரியில்ல.”

வழிகாட்டி தரையில் கோடு கிழித்தார். குதிகாலை விரல்நுனியோடு ஒட்டி ஒட்டி வைத்து நடக்கச் சொன்னார். நாலாவது அடியில் பெரியவர் சாய்ந்தார். மூளையில் நீர் கோக்கத் தொடங்கியதன் அடையாளம். தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

“உடனே கீழே இறங்கணும்.”

“பெருமாளைப் பார்க்காமயா?”

“பெருமாள் எங்கேயும் போக மாட்டார் சார்.”

இரண்டு பேர் தாங்கிப் பிடித்து இறக்கினார்கள். இறங்க இறங்கத் தெளிந்தார்.

அடுத்த வருஷம் ஜீப்பில் போய், ஜோம்சோமில் இரண்டு நாள் தங்கி, முக்திநாத்தைச் சேவித்துவிட்டு போன் பண்ணினார். “மனாங்லயே தலைவலி இருந்ததுப்பா. அன்னிக்கே சொல்லியிருந்தா, ஒரு நாள் சேர்த்துத் தங்கிட்டு உங்களோடயே நடந்து வந்திருப்பேன்.”