ரொமி ஏன் கடித்தான்?

எங்கள் வீட்டு நாய் என் அம்மாவைக் கடித்துவிட்டது. காயம் சிறியதுதான். ஆனால் அன்று பின்னேரத்துக்குள் அயலட்டையில் எல்லோரும் ஒரே முடிவுக்கு வந்துவிட்டார்கள். "உந்த நாயை இனி வீட்டிலை வைச்சிருக்கக் கூடாது" என்றார்கள். நானும் அதையேதான் சொன்னேன். அந்தக் கடிக்குக் காரணம் என் கையில் இருந்த ஒரு மெசின் என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு இரண்டு நாட்கள் எடுத்தன.

அப்பா காலமான பின்னர் அம்மா யாழ்ப்பாணத்தில் தனியே இருக்கிறார். அண்ணா கனடாவில். நான் வவுனியாவில் சமூகப் பணியாளராக வேலை செய்கிறேன். வார இறுதியில்தான் வீட்டுக்குப் போக முடியும். அம்மாவுக்குத் துணையாக 2019ஆம் ஆண்டு அண்ணா வாங்கிக் கொடுத்த குட்டிதான் ரொமி. ஷிட்சு இனக் கலப்பு. ஊர் நாய்களின் முடி ஓரளவு வளர்ந்ததும் உதிர்ந்துவிடும். இந்த இனத்தின் முடியோ மனிதரின் தலைமுடியைப் போல நீண்டுகொண்டே போகும். சீவாமல் விட்டால் சடை பிடித்துவிடும்.

அம்மாவுக்கு மூட்டு வருத்தம். தினமும் குந்தியிருந்து நாய்க்குச் சீவ அவரால் இயலாது. ஒரு மாரிகாலத்தில் ரொமியின் வயிற்றிலும் கால் இடுக்குகளிலும் சடை கட்டியது. அதற்குள் ஈரம் தங்கி, தோல் சிவந்து, மணக்கவும் தொடங்கியது. முடி வெட்டுவிக்கக் கொண்டுபோவதென்றால் ஓட்டோக் கூலி வேறு, வெட்டுக் கூலி வேறு. கணக்குப் பார்த்துவிட்டு, ஆண்கள் தலைமுடி வெட்டும் மலிவான மெசின் ஒன்றைக் கடையில் வாங்கினேன். எந்த முடியென்றாலும் முடிதானே என்பது என் எண்ணம்.

அம்மா ரொமியை மடியில் பிடித்துக்கொள்ள நான் வெட்டத் தொடங்கினேன். முதுகில் ஓரளவு வெட்டுப்பட்டது. சடை உள்ள இடத்துக்கு வந்ததும் மெசின் சிக்கிக்கொண்டு முடியை இழுத்தது. நான் இன்னும் அழுத்தினேன். ஒரே இடத்தில் நாலைந்து தடவை ஓட்டினேன். ரொமி முனகினான், நெளிந்தான். "சும்மா இரு" என்று அதட்டினேன். வயிற்றுப் பக்கம் வந்தபோது அவன் வீரிட்டுக் கத்தி, தன்னைப் பிடித்திருந்த அம்மாவின் கையைக் கடித்தான்.

காயத்தைச் சவர்க்காரம் போட்டு, ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அம்மாவை வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றேன். ரொமிக்கு ஆண்டுதோறும் நீர்வெறுப்பு நோய்த் தடுப்பூசி போட்டிருக்கிறோம். என்றாலும் கடிபட்டவருக்கு ஊசி தேவையா இல்லையா என்பதை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும்.

இரண்டு நாட்களின் பின் ரொமியைப் புரட்டிப் பார்த்தபோது வயிற்றில் மெசின் அலகின் அகலத்துக்குச் சிவந்த ஒரு சூட்டுக் காயம் தெரிந்தது. மெசினைச் சில நிமிடம் ஓடவிட்டு என் மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்த்தேன். வைத்திருக்க முடியவில்லை. அம்மா சொன்னார்: "அவனைக் குறை சொல்லாதை பிள்ளை. அவனுக்குச் சுட்டிருக்கு. வாயிருந்தால் சொல்லியிருப்பான்."

எனக்கு வெட்கமாக இருந்தது. முதியோரைப் பராமரிக்கும் இடங்களுக்கு நான் அடிக்கடி போகிறேன். தலை சீவும் நேரத்தில் கத்துகிற ஒரு பாட்டியைப் பற்றி "ஒத்துழைப்பதில்லை" என்று பதிந்திருப்பார்கள். சீப்பைப் பார்த்தால் பல் உடைந்து தலையைக் கீறுவதாக இருக்கும். நடத்தைக்குப் பின்னால் ஒரு காரணம் இருக்கும், அதைத் தேடுங்கள் என்று பிறருக்குச் சொல்லிக் கொடுப்பவள் நான். என் வீட்டில் அதைத் தேடவில்லை.

அதன் பிறகு மிருக வைத்தியரிடமும், நாய்களுக்கு முடி வெட்டும் ஒருவரிடமும் விசாரித்தேன். மனிதரின் தலையில் பொதுவாக ஒரு துவாரத்தில் ஒரு முடி வளரும். நாயின் தோலில் ஒரே துவாரத்திலிருந்து பல முடிகள் கற்றையாக வரும். அவ்வளவு அடர்த்தியை வெட்ட ஆண்களுக்கான சாதாரண மெசினின் மோட்டாருக்குப் பலம் போதாது. அதனால்தான் அது இழுக்கிறது, சூடேறுகிறது. நாயின் தோல் மனிதத் தோலை விட மெல்லியது என்பதால் இலகுவில் காயப்படும்.

ஆகவே நாய்களுக்கென்றே செய்த கிளிப்பரை வாங்க வேண்டும். அதிலும் அலகைக் கழற்றி மாற்றக்கூடியதாக இருப்பது நல்லது. மழுங்கினால் சாணை பிடிக்கலாம், சூடானால் வேறு அலகைப் போடலாம். அலகின் இலக்கம் கூடக்கூட முடி ஒட்ட வெட்டுப்படும். 10ஆம் இலக்கம் சுமார் ஒன்றரை மில்லிமீற்றர் முடியையும், 7 எஃப் சுமார் மூன்று மில்லிமீற்றர் முடியையும் விட்டு வெட்டும். 40ஆம் இலக்கம் சத்திரசிகிச்சைக்காகத் தோலோடு ஒட்ட வழிப்பதற்கானது. வீட்டுக்கு அது வேண்டாம். பற்களுக்கிடையே அகன்ற இடைவெளி உள்ள அலகில் தோல் மடிப்பு அகப்பட்டுவிடும். புதிதாகப் பழகுபவர்கள் நெருக்கமான பற்கள் உள்ளதையே தெரிவு செய்யுங்கள். செராமிக் அலகு உருக்கு அலகை விடத் தாமதமாகச் சூடேறும், ஆனால் கீழே விழுந்தால் உடைந்துவிடும்.

அண்ணா கனடாவில் வாங்கி அனுப்புவதாகச் சொன்னார். வாங்கும் முன் பெட்டியில் உள்ள எழுத்தைப் படம் பிடித்து அனுப்பச் சொன்னேன். 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ் என்றிருந்தது. இலங்கையில் மின்சாரம் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். மின்மாற்றி வோல்ற்றைக் குறைக்குமே தவிர ஹேர்ட்ஸை மாற்றாது. வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பொருளில் 100 முதல் 240 வோல்ற் வரை என்று இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

கடைசியில் வேலை விடயமாகக் கொழும்புக்குப் போனபோது கையில் பிடித்துப் பார்த்து வாங்கினேன். பாரம் குறைவா, பிடிக்கும்போது கை அதிர்கிறதா, சத்தம் எவ்வளவு என்று பார்த்தேன். பற்றறியிலும் வயரிலும் இயங்கக்கூடியதைத் தெரிவு செய்தேன். 2022ஆம் ஆண்டின் மின்வெட்டுக் காலத்தை அனுபவித்தவர்களுக்கு அதன் பெறுமதி தெரியும். மாற்று அலகு கிடைக்குமா என்றும் கேட்டு உறுதிப்படுத்தினேன். பழைய மெசினைப் போலப் பல மடங்கு விலைதான். ஆனால் வெட்டுக் கூலியைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு வருடத்துக்குள் அந்தப் பணம் மிச்சமாகிவிடும்.

நல்ல கிளிப்பர் இருந்தாலும் கவனம் வேண்டும். முதலில் நாயைக் குளிப்பாட்டி, துவாயால் துடைத்து, நன்கு காயவிட்டுச் சீவ வேண்டும். முடியில் உள்ள மண் அலகை மழுங்கச் செய்யும். தொடங்கும் முன்னும் இடையிடையேயும் அலகில் ஓரிரு துளி எண்ணெய் விட்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை மணிக்கட்டில் வைத்துச் சூடு பாருங்கள். முடி வளரும் திசையிலேயே ஓட்டுங்கள். சடையை ஒருபோதும் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். சடையோடு தோலும் எழும்பி வந்து வெட்டுப்பட்டுவிடும். பொமரேனியன், அல்சேஷன் போன்ற இரட்டை உரோம நாய்களை வெயிலுக்கென்று மழிக்க வேண்டாம். அந்த முடியே அவற்றை வெயிலிலிருந்து காக்கிறது. மழித்தால் சிலவற்றுக்கு மீண்டும் சரியாக வளராது.

புதிய கிளிப்பரோடு ரொமியிடம் போனபோது அவன் கட்டிலுக்குக் கீழே ஓடி ஒளிந்துகொண்டான். நான் இழுத்தெடுக்கவில்லை. விறாந்தையில் அதை ஓடவிட்டுவிட்டு, தூரத்தில் இருந்து பிஸ்கட் கொடுத்தேன். ஐந்து வார இறுதிகள் அப்படியே போயின. ஆறாவது வாரம் அவனாகவே வந்து அம்மாவின் காலடியில் படுத்தான். அன்று முதுகை மட்டும் வெட்டினேன். அடுத்த வாரம் வயிறு. அம்மாதான் பிடித்திருந்தார். கடிபட்ட அதே கையால்.

இப்போது ஆறு வாரத்துக்கு ஒருமுறை வெட்டுகிறோம். அயலட்டையில் யாரும் ரொமியை அனுப்பிவிடச் சொல்வதில்லை. உங்கள் வீட்டு நாயும் முடி வெட்டும்போது உறுமினால், அதட்டும் முன் கையில் உள்ள மெசினை ஒருமுறை உங்கள் மணிக்கட்டில் வைத்துப் பாருங்கள்.