நம்மைச் சுற்றிவரும் வாயில்லா ஜீவன்



பூனை வாய் வைத்த தண்ணீரில் உளூச் செய்யலாமா என்று மத்ரஸாவில் பிள்ளைகள் கேட்பதுண்டு. அபூ கதாதா (ரலி) அவர்கள் தமது உளூப் பாத்திரத்தையே பூனைக்குச் சாய்த்துக் கொடுத்த செய்தியைச் சொல்வேன். பூனை அசுத்தமானதல்ல என்றும் நம்மைச் சுற்றிவரும் உயிர்களுள் ஒன்று என்றும் நபி (ஸல்) அவர்கள் கூறியதை அவர்கள் அறிவித்தார்கள். அபூதாவூத், திர்மிதீ ஆகிய நூல்களில் இது பதிவாகியுள்ளது.

இரும்புலியூரில் எங்கள் வீட்டில் அப்படிச் சுற்றிவருபவை இரண்டு. தெருவிலிருந்து வந்து தங்கிய மூத்த பூனை, சென்ற ஆண்டு மெலிந்து, ஈறுகள் வெளிறி, காய்ச்சலில் படுத்துவிட்டது. பூனை லுக்கேமியா வைரஸுக்குச் சோதித்துப் பார்க்கலாம் என்றார் மருத்துவர். சில துளி இரத்தம், ஏறத்தாழ 10 நிமிடம். வைரஸின் புரதம் இருப்பதைக் காட்டும் கோடு பட்டையில் தெரிந்தது. உறுதி செய்ய அனுப்பிய பிசிஆர் சோதனையும் அதையே சொன்னது.

"அத்தா, இது நமக்கும் ஒட்டுமா?" என்று மகள் கேட்டாள். ஒட்டாது. 1964இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் வில்லியம் ஜாரெட்டும் அவருடைய குழுவினரும் கண்டறிந்த இந்த வைரஸ், பூனைகளிடையே பரவுவது. உமிழ்நீர், ஒன்றையொன்று நக்குதல், பொதுவான உணவுக் கிண்ணம், கடி, தாய்ப்பால் ஆகியவையே அதன் வழிகள். உடலுக்கு வெளியே அது நெடுநேரம் வாழாது. சோப்பு நீரால் கழுவினாலே அழிந்துவிடும்.

உறவினர் ஒருவர், "கொண்டுபோய் விட்டுவிடுங்கள். பூனையை அடைத்து வைத்த பெண்ணின் ஹதீஸை நீங்களே ஓதிக் கொடுக்கிறீர்களே!" என்றார். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள அந்த ஹதீஸில், அப்பெண் பூனைக்கு உணவளிக்கவும் இல்லை, தானே இரை தேட விடவும் இல்லை. இரை தேடத் திராணியற்ற நோயாளியைத் தெருவில் விடுவது விடுதலையாகுமா? நோயுற்ற ஒட்டகங்களை நலமானவற்றோடு சேர்க்கக் கூடாது என்ற நபிமொழியும் அதே நூல்களில் உண்டு. தெருவில் விட்டால் எங்கள் வீடு தப்பிக்கும். தெருப் பூனைகள் தப்பிக்குமா?

எனவே மாடி அறை மூத்ததற்கு ஒதுக்கப்பட்டது. கிண்ணமும் மணல் தட்டும் தனித்தனி. முதலில் இளையதற்கு உணவு, பிறகு மூத்ததற்கு, அதன்பின் கைகழுவல். இளையதற்கு முதற்சோதனையில் தொற்று இல்லை. தொற்றிய உடனே சோதனையில் தெரியாமல் போகலாம் என்பதால் சில வாரங்களுக்குப் பின் மீண்டும் பார்த்தோம். அல்ஹம்துலில்லாஹ், இல்லை. தடுப்பூசியும் போட்டாயிற்று. தொற்று நிலைத்துவிட்ட பூனைக்கு முழுக் குணம் தரும் மருந்து இல்லை. பல பூனைகள் இரண்டு, மூன்று ஆண்டுகளில் இறந்துவிடுகின்றன; நல்ல பராமரிப்பில் சில அதற்கு மேலும் வாழ்கின்றன. மூத்தது இப்போது உண்கிறது, சன்னல் வெயிலில் உறங்குகிறது.

தெருவிலிருந்து ஒரு குட்டியைத் தூக்கி வந்தால், வீட்டிலுள்ள பூனைகளோடு சேர்க்குமுன் கால்நடை மருத்துவரிடம் காட்டி இச்சோதனையைக் கேளுங்கள். நோய் தெரியவந்தால், பிரித்து வையுங்கள், கைவிடாதீர்கள். பிரித்து வைப்பதும் ரஹ்மத்தின் ஒரு பகுதியே. வாயில்லா ஜீவன்களின் ஹக்கை நிறைவேற்றும் தவ்ஃபீக்கை அல்லாஹ் நமக்குத் தருவானாக. ஆமீன்.