தண்ணிக்கு மேல ஆண்டெனா

மக்கா, ரிமோட் போர்க்கப்பல் கிட் வாங்கினா கை முதல்ல பீரங்கி பக்கம்தான் போகும். ஆறு மாசம் உட்கார்ந்து ஒண்ணு கட்டினவன் சொல்றேன்: முதல்ல ரிசீவர் ஆண்டெனாவுக்கு உயரமா இடம் பாருங்க. ரிமோட்டோட 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணிக்குள்ள கொஞ்ச தூரத்துலயே செத்துடும். ஆண்டெனா முங்கிட்டா, உங்க ஆறு மாசத்தையும் தாமிரபரணி இழுத்துட்டுப் போயிடும்.

அப்போ கடலுக்கடியில இருக்கிற நீர்மூழ்கிக்குச் செய்தி எப்படிப் போகுது? பதில் நம்ம மாவட்டத்துலயே, விஜயநாராயணத்துல இருக்கு: 1990-ல தொடங்கின ஐ.என்.எஸ். கட்டபொம்மன். பேரு கப்பல் பேரு, நிக்கிறது தரையில. அங்கிருந்து போற விஎல்எஃப் அலை 30 கிலோஹெர்ட்ஸுக்கும் கீழ. கடலுக்குள்ள சில மீட்டர் இறங்கும். நம்ம ரிமோட் அலையோட நீளம் 12.5 சென்டிமீட்டர், அதோடது 10 கிலோமீட்டருக்கும் மேல. அதனாலதான் அங்க அவ்வளவு உயரக் கம்பங்கள்.

ஆண்டெனா பேப்பர் வர்றதுக்குள்ள ஒரு கப்பலைக் கட்டி ஆத்துல விடுங்க. ஃபார்முலா மறக்காது.