ஆறும் வரை பொறுத்திருங்கள்

கேக்கைப் போலப் பஞ்சாகவும் இராமல், மிட்டாயைப் போலக் கெட்டியாகவும் இராமல், இரண்டிற்கும் நடுவே நிற்கும் தின்பண்டம் பிரவுனி. இது அமெரிக்கர்களின் வீட்டுப் பலகாரம். 1893-ஆம் ஆண்டு சிகாகோவில் உலகக் கண்காட்சி நடைபெற்றபோது, பெண்கள் மதிய உணவுப் பெட்டியில் எடுத்துச் செல்லத்தக்க இனிப்பொன்றை பெர்த்தா பால்மர் அம்மையார் கேட்டதாகவும், வால்நட் இட்டு இதனைச் செய்துகொடுத்ததாகவும் பால்மர் ஹவுஸ் விடுதியார் கூறுவர். 1906-இல் ஃபேனி ஃபார்மர் அம்மையார் தமது சமையல் நூலின் புதிய பதிப்பில் சாக்லேட் பிரவுனியின் செய்முறையை வெளியிட்டார்.

எங்கள் வீட்டிற்குள் இது வந்த காரணம் வேறு. கணவரின் பணிமாற்றத்தால் திருநெல்வேலியிலிருந்து புனேக்கு நாங்கள் குடிபெயர்ந்தபோது எங்கள் மகனுக்கு வயது 13. ஓயாமல் பேசிய பிள்ளை, சில வாரங்களில் ‘ம்’ என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொண்டான். கேட்கக் கேட்க அவன் மௌனம் கூடியது. ஒரு சனிக்கிழமை, கடைக் கண்ணாடிக்குள் கண்ட பிரவுனியை வீட்டில் செய்ய இயலுமா என்று அவனே கேட்டான். நான் உடனே வெண்ணெயை எடுத்து வெளியில் வைத்தேன்.

செய்முறை எளிது. 115 கிராம் வெண்ணெயையும் அதே அளவு டார்க் சாக்லேட்டையும் வெந்நீர்ப் பாத்திரத்தின் மேல் வைத்து உருக்குங்கள். 2 முட்டைகளுடன் 175 கிராம் சர்க்கரையையும் சிறிது வெனிலாவையும் சேர்த்து நன்றாக அடியுங்கள். சர்க்கரை முட்டையில் கரைந்தால்தான் மேலே காகிதம் போன்ற மினுமினுப்பான ஏடு உண்டாகும். வெதுவெதுப்பாக ஆறிய சாக்லேட்டை இதில் ஊற்றி, 65 கிராம் மைதாவும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து, மாவு மறையும் அளவுக்கு மட்டும் கிளறுங்கள். மிகுதியாகக் கிளறினால் கடினப்படும். பேக்கிங் பவுடர் வேண்டாம். அது உப்பச் செய்து கேக்காக்கிவிடும். இந்தியில் அக்ரோட் எனப்படும் வால்நட் பருப்பை 75 கிராம் எடுத்து, வறுத்து உடைத்துச் சேருங்கள். அதன் இலேசான கசப்பு தித்திப்பைச் சமன்செய்யும். பட்டர் பேப்பர் விரித்த 8 அங்குலச் சதுரத் தட்டில் ஊற்றி, முன்னரே சூடாக்கிய ஓவனில் 175 டிகிரியில் ஏறக்குறைய 25 நிமிடங்கள் வேகவிடுங்கள். குத்திய குச்சியில் ஈரத் துணுக்குகள் ஒட்டியிருக்கும்போதே எடுத்துவிட வேண்டும்; சூடான தட்டிலேயே அது மேலும் சற்று வேகும்.

இனி ஒரு மணி நேரமாவது ஆறவேண்டும். சூட்டோடு வெட்டினால் குழைந்து உதிரும். அந்த ஒரு மணி நேரத்தில்தான் எங்கள் மகன் வாய் திறந்தான். தன் இந்தியைக் கேட்டு வகுப்பில் நகைக்கிறார்கள் என்றும், மதிய உணவை மாடிப்படியில் தனியே உண்பதாகவும், தட்டைப் பார்த்தபடியே சொன்னான். நான் புத்திமதி கூறவில்லை, கேட்டுக்கொண்டிருந்தேன். திங்களன்று என் கணவர் வகுப்பாசிரியையைச் சந்தித்துப் பேசினார். மொழி வசப்பட ஓராண்டு பிடித்தது. ஆயினும் அந்த ஓராண்டிலும் சனிக்கிழமைதோறும் அடுப்பங்கரையில் அவன் பேசினான்.

புதிய ஊரில் உங்கள் பிள்ளையும் பேசாமல் இருக்கிறதா? கேள்விகளைக் குறைத்து, கையில் ஒரு கரண்டியைக் கொடுத்துப் பாருங்கள். பிரவுனி காற்றுப் புகாத டப்பாவில் மூன்று நாட்கள் கெடாது. மறுநாள் அதன் சுவை இன்னும் கூடும்.