கொக்கு பார்க்கவா கார்?

எனக்குப் பறவை பார்க்கும் பைத்தியம் உண்டு. அப்பா அம்மாவுக்குக் கிடையாது. சென்னையில் தம்பியோடு இருக்கும் அவர்கள், பொங்கலுக்குப் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். வருஷத்தில் பத்தே நாள். அப்பாவுக்கு வயசு 78. அம்மாவுக்கு முழங்கால் வலி, சர்க்கரை. இன்னும் எத்தனை பொங்கல் இப்படிச் சேர்ந்து இருக்கப் போகிறோமோ! அந்தப் பத்து நாளில் நான் பைனாகுலரும் கையுமாகக் குளத்தங்கரையில் நிற்க, அவர்கள் காருக்குள் புழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் எனக்குச் சம்மதமில்லை. தை மாசத்துப் பறவைகளை விட்டுவிடவும் மனசு வரவில்லை.

"கொக்கு பார்க்கவா காரை எடுக்கப் போறே? நம்ம ஊர் வயல்ல இல்லாத கொக்கா?" என்றாள் அம்மா.

நான் போட்ட திட்டம் இதுதான். விடியற்காலை எனக்கு, பத்து மணிக்கு மேல் அவர்களுக்கு. கூந்தன்குளம் திருநெல்வேலியிலிருந்து சுமார் 38 கிலோமீட்டர். அதை முடித்துக்கொண்டு நாங்குநேரி வானமாமலைப் பெருமாளைச் சேவிக்கலாம். 108 திவ்ய தேசங்களில் ஒன்று. எண்ணெய்க் கிணறு அங்கேதான். மத்தியானம் நடை சாத்துவதற்குள் போக வேண்டுமே, அதனால் குளத்தில் எனக்கு இரண்டரை மணி நேரம்தான். அது போதும். குளத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று முதல் நாளே விசாரித்துக்கொண்டேன். தண்ணீர் இல்லாவிட்டால் பறவையும் இல்லை.

சாப்பாட்டு விஷயத்தில்தான் கண்டிப்பு வேண்டும். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுக்கிறவர்கள், 'போய்ச் சாப்பிட்டுக்கலாம்' என்று மருந்தை மட்டும் எடுத்துக்கொண்டு வெறும் வயிற்றோடு கிளம்பக்கூடாது. சர்க்கரை சட்டென்று இறங்கி, கை நடுங்கும், வேர்க்கும், மயக்கம்கூட வரலாம். காலை ஏழரைக்கே இட்லிப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டேன். அம்மாவுக்கு டாக்டர் சொன்ன கணக்குப்படி மாத்திரையும் அதோடு சேர்த்துத்தான். கைப்பையில் குளுக்கோஸ், டிக்கியில் இரண்டு மடக்கு நாற்காலி. வழியில் கழிவறை எங்கே இருக்கிறது என்றும் பார்த்து வையுங்கள். வயசானவர்கள் அதற்குப் பயந்தே தண்ணீர் குடிக்க மாட்டார்கள்.

கூந்தன்குளத்தில் நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே, வீட்டு மரங்களிலேயே கூடு கட்டும். கண் புரை ஆபரேஷன் ஆன அப்பாவுக்கும் பைனாகுலர் தேவைப்படவில்லை. அரசாங்கம் இதைச் சரணாலயமாக அறிவித்தது 1994-ல். ஊர்க்காரர்கள் அதற்கு வெகு காலம் முன்பிருந்தே பறவைகளைக் காத்து வருகிறார்கள். தீபாவளிக்கு வெடிகூடப் போடுவதில்லையாம்.

பட்டைத்தலை வாத்தைக் காட்டி, "இமயமலையைத் தாண்டி வருதுப்பா" என்றேன். "அப்படியா" என்றார், அவ்வளவுதான். ஆனால் பறவை எச்சம் கலந்த குளத்து வண்டலை வயலுக்கு எருவாக அடிக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னதும், ஒரு காலத்தில் விவசாயம் பார்த்த மனுஷர் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஏக்கருக்கு எத்தனை வண்டி, எந்த மாசம் அடிப்பீங்க... அப்புறம் அவரை எழுப்பிக் கூட்டிவருவதுதான் பெரும்பாடு!

அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டாள். மரத்தடியில் நாற்றம் இருக்கத்தான் செய்கிறது. வெள்ளையாய் எச்சம் விழுந்த வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம், "இதை விரட்டிவிட மாட்டீங்களா?" என்று கேட்டும் விட்டாள்.

"பிள்ளைப்பேறுக்கு வந்த பொண்ணை யாராவது விரட்டுவாங்களா, அம்மா?"

அம்மா மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டாள். பிறகு அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து இருவரும் பேசியது பெரும்பாலும் பிரசவ மருந்து. நான் அதற்குள் பூநாரைகளைத் தேடிக் கரையோரம் ஒரு நடை போய் வந்தேன்.

மறுநாள் தாமிரபரணிக் கரையில் திருப்புடைமருதூர். நாறும்பூநாதர் கோயிலை ஒட்டிய மருத மரங்களில் பறவைகள். 2005-ல் அதையும் பாதுகாப்பகமாக்கினார்கள். அவர்கள் சாமி கும்பிட, நான் அண்ணாந்து பார்க்க, எல்லோருக்கும் ஒரே இடம். அலைச்சலே இல்லை.

அடுத்த பொங்கலுக்குக் கோடியக்கரை என்றேன். இரண்டு நாள் தங்க வேண்டிய தூரம். அப்பாவுக்கோ 1930-ல் உப்புச் சத்தியாக்கிரகம் நடந்த வேதாரண்யத்தைப் பார்க்க வேண்டுமாம். தாராளமாகப் பார்க்கட்டும், வேதாரண்யத்தைத் தாண்டித்தானே கோடியக்கரை!