பின்பக்கம் இன்ஜின் வைத்த துப்பாக்கி!

முத்துநகர் எக்ஸ்பிரஸில் ராத்திரி பத்து மணிக்கு மேல் பேசக்கூடாத விஷயங்கள் இரண்டு. ஒன்று, அரசியல். இன்னொன்று, துப்பாக்கி. முதலாவதைப் பேசினால் பெட்டி மொத்தமும் கூடச் சேர்ந்து பேசும். இரண்டாவதைப் பேசினால் பெட்டி மொத்தமும் வாயை மூடிக்கொண்டு உங்களையே பார்க்கும்.

இரண்டாவது அனுபவம் எனக்குக் கிடைத்தது அத்தை மகன் புண்ணியத்தில்.

அத்தான் சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்தவர். அங்கே ஒரு கப்பல் கம்பெனியில் கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு அழுகிறவர். பார்த்தால் எல்.ஐ.சி. ஏஜென்ட் மாதிரி சாதுவாக இருப்பார். ஆனால் அந்த ஊர்ச் சட்டப்படி பதினெட்டு வயதானால் ஆண்பிள்ளைகள் எல்லோரும் ராணுவத்துக்குப் போய் வரவேண்டும். அத்தான் காலத்தில் அது இரண்டரை வருஷம். அதோடு விட்டார்களா? நாற்பது வயது வரை அவ்வப்போது கூப்பிட்டு அனுப்பி, தொப்பையைக் குறைத்துத் திருப்பி அனுப்புவார்கள். ஆக, அத்தான் இரண்டு வகைத் துப்பாக்கியோடு குடும்பம் நடத்தியவர். முதலில் பழைய எம்-16. பிறகு 1999-ல் சிங்கப்பூர்க்காரர்களே செய்து வெளியிட்ட எஸ்.ஏ.ஆர்.-21.

"மாப்ள, எம்-16 எடுத்துக்கிட்டு காட்டுக்குள்ள போனா, ஒவ்வொரு கொடியும் பிடிச்சு இழுக்கும். புதுசு அப்படி இல்ல. கக்கத்துல இடுக்கிக்கிட்டுப் போய்க்கிட்டே இருக்கலாம்" என்று ஆரம்பித்தார். மேல் பெர்த்தில் குறட்டை சட்டென்று நின்றது. ஒரு வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது.

"தம்பி, நீங்க போலீஸா?"

"இல்லீங்க, பி.காம்." என்றேன்.

அதற்குப் பிறகு அவர் தூங்கவே இல்லை.

* * *

விஷயம் இதுதான். எஸ்.ஏ.ஆர்.-21 'புல்பப்' என்கிற ஜாதி. பெயரைக் கேட்டால் நாய்க்குட்டி மாதிரி இருக்கிறதா? புரிந்துகொள்ள நம்ம டவுன் பஸ் போதும்.

பழைய பஸ்ஸில் இன்ஜின் எங்கே இருக்கும்? டிரைவருக்குப் பக்கத்தில், முன்னால். கொதிக்கிற அந்த மூடியின்மேல் காய்கறிப் பையை வைத்துவிட்டு, இறங்கும்போது அவியலாக எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. சாதாரண ரைஃபிளும் அப்படித்தான். தோட்டா அடுக்கிய மேகஸினும், வெடிக்கிற அறையும் டிரிக்கருக்கு முன்னால். பின்னால் இருக்கிற கட்டை பெரும்பாலும் தோளில் முட்டுக்கொடுக்கத்தான்.

புல்பப்பில் இன்ஜினைத் தூக்கி அந்தக் கட்டைக்குள் வைத்துவிட்டார்கள். டிரிக்கர் முன்னால், மேகஸின் அதற்குப் பின்னால். குழலின் நீளம் குறையவில்லை. வண்டியின் நீளம் குறைந்துவிட்டது!

கணக்குப் படித்தவனுக்கு எண்ணில் சொன்னால்தான் ஏறும். எம்-16 முழு நீளம் சுமார் 99 செ.மீ. எஸ்.ஏ.ஆர்.-21, எண்பது சொச்சம். இரண்டிலும் குழல் மட்டும் 50.8 செ.மீ.! நம் ஊர்க் கதையும் இதேதான். இந்திய ராணுவம் 1990-களில் தூக்க ஆரம்பித்த இன்சாஸ் 96 செ.மீ., குழல் 46.4. நம் கடற்படைக் கமாண்டோக்கள் வாங்கிக்கொண்ட இஸ்ரேல்காரர்களின் டாவோர் வெறும் 72 செ.மீ., குழல் 46. முக்கால் அடிக்கு மேல் மிச்சம். குழல் ஏன் முக்கியம் என்றால், அது குறையக் குறைய குண்டின் வேகமும் குறையும்.

"அப்ப புல்பப்தான் ஒசத்தி?" என்றேன்.

"அவசரப்படாத மாப்ள. பின் இன்ஜின் பஸ்ல கியர் போட்டுப் பார்த்திருக்கியா? டிரைவர் இங்க, கியர் பாக்ஸ் அங்க. நடுவுல நீளமா ஒரு கம்பி. போட்டா கொழகொழன்னு இருக்கும். இந்த டிரிக்கரும் அப்படித்தான். விரல் இங்க அமுக்குது, வேலை அங்க நடக்குது."

வண்டி கோவில்பட்டியைத் தாண்டி விடிந்தபோது, நான் மனசுக்குள் வரவு - செலவு எழுதி முடித்திருந்தேன். வரவு: குட்டை. கவச வண்டிக்குள்ளும் ஹெலிகாப்டருக்குள்ளும் பக்கத்து ஆள் மூக்கில் இடிக்காது. கனம் தோள் பக்கம் இருப்பதால் ஒரு கையில் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கதவைத் திறக்கலாம். ஒன்றரை மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி கூடவே வரும். செலவு: எம்-16-ஐ விட அரைக் கிலோவுக்கு மேல் கனம். மேகஸின் மாற்ற அக்குளுக்குள் தேடவேண்டும். வெடி காதுக்கும் கன்னத்துக்கும் பக்கத்திலேயே. (கன்னத்துக்குக் கெவ்லார் தகடு வைத்திருக்கிறார்கள். காதுக்கு ஆண்டவன்தான்.) காலித் தோட்டா கன்னத்தருகே தெறிக்கும் என்பதால் இடது கைக்காரர்களுக்குச் சிக்கல். பிரிட்டிஷ்காரர்களின் எல்-85-ஐ இடது தோளில் வைத்துச் சுடவே முடியாது. இடது கைக்காரரும் வலது தோளுக்கு மாறித்தான் ஆகவேண்டும்.

* * *

என் பங்குக்கு நானும் துப்பாக்கி தூக்கியவன்தான். காலேஜில் என்.சி.சி.! அணிவகுப்புக்கு பழைய .303 கொடுப்பார்கள். 113 செ.மீ. நீளம், நாலு கிலோ. என் உயரம் 163 செ.மீ. நான் அதைத் தூக்கினேனா, அது என்னைத் தூக்கியதா என்பது இன்றுவரை தீராத சந்தேகம். ஒரு நாள் கை நழுவி என் கால் பெருவிரலில் விழுந்தது. ஓடி வந்த ஹவில்தார் கேட்ட முதல் கேள்வி: "துப்பாக்கிக்கு அடி பட்டுச்சா?"

சுடுவதற்கு .22 கொடுத்தார்கள். ஐந்து குண்டு. அதில் மூன்று, பக்கத்து ஆள் அட்டையில் போய் விழுந்தது. அவனுக்கு மெடல் கிடைத்தது. என் ராணுவ சேவை அத்துடன் நிறைவு பெற்றது.

வாஞ்சி மணியாச்சியில் வண்டி நின்றது. 1911 ஜூன் 17 அன்று, கலெக்டர் ஆஷை வாஞ்சிநாதன் ரயில் பெட்டியில் சுட்டுவிட்டு, தன்னையும் சுட்டுக்கொண்ட ஸ்டேஷன். கையில் இருந்தது பிரௌனிங் பிஸ்டல். அத்தான் பிளாட்பாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "ரயில் பெட்டிக்குள்ள ரைஃபிள் கொண்டுவர முடியாதுல்ல" என்றார் மெதுவாக. துப்பாக்கியைக் குட்டையாக்கும் ஆசை எங்கிருந்து வருகிறது என்பது அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

* * *

தூத்துக்குடி ஸ்டேஷனில் ஒரு ஆட்டோ அண்ணாச்சி மாட்டினார். இரண்டு நாளைக்கும் அவரே.

முதலில் பழைய துறைமுகம். இங்கிருந்துதான் தோணிகள் மாலத்தீவுக்கு வெங்காயமும் கல்லும் ஏற்றிக்கொண்டு போகின்றன. தோணியின் அறைக்குள் குனிந்துதான் நுழைய முடியும். "இதுக்குள்ள .303-ஐத் திருப்பினா, முன்னால மாலுமி, பின்னால சமையல்காரர், ரெண்டு பேர் பல்லும் போயிரும்" என்றார் அத்தான். கடலில் காவல் பார்க்கிறவர்களுக்கு குட்டைத் துப்பாக்கி ஏன் பிடிக்கிறது என்பது ஏணியிலும் படிக்கட்டிலும் ஏறி இறங்கினால் தெரியும்.

கப்பல் காவல் என்றதும் இந்த ஊருக்கு ஒரு கப்பல் ஞாபகம் வரும். 'ஸீமேன் கார்டு ஓஹையோ'. 2013 அக்டோபரில் கடலோரக் காவல் படை வழிமறித்துத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்தது. கடற்கொள்ளையரிடமிருந்து வணிகக் கப்பல்களைக் காக்கும் அமெரிக்கக் கம்பெனியின் கப்பல் அது. உள்ளே 35 பேர், 35 துப்பாக்கிகள், ஐயாயிரத்துக்கு மேல் தோட்டாக்கள். எஸ்டோனியர், பிரிட்டிஷ்காரர், உக்ரைன்காரர், இந்தியர் எல்லாம் கலந்து இருந்தார்கள். 2016 ஜனவரியில் தூத்துக்குடி கோர்ட் ஐந்து வருஷம் தண்டனை கொடுத்தது. 2017 நவம்பரில் மதுரை ஹைகோர்ட் கிளை எல்லோரையும் விடுதலை செய்தது. இடையில் நாலு வருஷம் போய்விட்டது.

அந்தக் கேஸில் துப்பாக்கி நீளமா குட்டையா என்பது விஷயமே இல்லை. உரிய பேப்பர் உண்டா, கப்பல் நின்றது யார் கடல் என்பதுதான் விஷயம். எங்கள் காமர்ஸ் வாத்தியார் சொன்னது எவ்வளவு உண்மை: சரக்கை விட ரசீது பெரிசு!

கரையோரம் நடந்தோம். முத்துக்குளித்துறை என்று பெயர் பெற்ற கரை. கல்லைக் காலில் கட்டி, மூச்சைப் பிடித்து இறங்கியவர்களின் கடல். பெரிய முத்துக்குளிப்பு 1961-க்குப் பிறகு நடக்கவில்லை. 1530-களில் போர்ச்சுகீசியர் பாதுகாப்பு தருகிறோம் என்று வந்ததும் இங்கேதான். அந்தப் பாதுகாப்பு துப்பாக்கியோடுதான் வந்தது.

மறுநாள் பாஞ்சாலங்குறிச்சி. இங்கே நீளத்தின் கட்சி ஜெயித்தது! 1801-ல் ஊமைத்துரையின் ஆட்கள் கையில் 18 அடி, 20 அடி ஈட்டிகள் இருந்ததாக, எதிர்ப் பக்கம் நின்று போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷே எழுதி வைத்திருக்கிறார். துப்பாக்கி முனையில் கத்தி செருகி ஓடிவந்த கும்பெனிச் சிப்பாய், ஈட்டிக்கு முன்னால் என்ன செய்வான்? மார்ச் மாதத் தாக்குதல் தோற்றது. மே மாதம் பீரங்கிகளும் கூடுதல் படையும் வந்த பிறகுதான் கோட்டை விழுந்தது.

"அதனாலதான் மாப்ள, அந்தக் காலத்துத் துப்பாக்கி ஆள் உயரம். அது பாதி துப்பாக்கி, பாதி ஈட்டி" என்றார் அத்தான்.

அன்று ராத்திரி பொரிச்ச பரோட்டா சாப்பிட்டுக்கொண்டே கடைசி விவாதம். 1977-ல் ஆஸ்திரியா புல்பப்பை ராணுவத்துக்கே எடுத்தது. பிரான்ஸ், பிரிட்டன், சீனா எல்லாம் அதே வழியில் போயின. பிறகு என்ன ஆச்சு? பிரான்ஸ் 2017-லிருந்து பழைய மாதிரிக்கே திரும்பியது. நியூஸிலாந்தும் திரும்பியது. சீனா 2019-ல் காட்டிய புது ரைஃபிளில் மேகஸின் டிரிக்கருக்கு முன்னால்! கட்டையை உள்ளே தள்ளிச் சுருக்கும் வசதி வந்துவிட்டது, குட்டைக் குழலோடும் வேலை நடக்கிறது, எதற்கு அக்குளில் மேகஸின் தேடவேண்டும் என்று நினைத்திருப்பார்கள். "ஆனா எனக்குக் கேட்டா குட்டைதான். பழகிப் போச்சு" என்று பரோட்டாவைப் பிய்த்தார் அத்தான்.

* * *

மூன்றாம் நாள் காலை. அத்தைக்கு இரண்டு கிலோ மக்ரூன் வாங்கிக்கொண்டு வாகைக்குளம் ஏர்போர்ட்டுக்குக் கிளம்பினோம். பாளையங்கோட்டை ரோடு. அத்தான் டாவோரில் இருந்தார். நான் இன்சாஸில் இருந்தேன். கலெக்டர் ஆபீஸ் வந்ததும் ஆட்டோ வேகம் குறைந்தது.

"இந்த இடந்தான் அண்ணாச்சி" என்றார் டிரைவர், திரும்பாமல்.

2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். ஊரே திரண்டு இங்கே நடந்து வந்தது. அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்தார்கள். அதில் பதினேழு வயதுப் பெண் பிள்ளையும் உண்டு. வேன் மேல் ஏறி ஒருவர் குறி பார்த்ததை நாடே டி.வி.யில் பார்த்தது.

அத்தானுக்கு மூன்று நாள் பழக்கம். வாய் முந்திக்கொண்டது. "என்ன ரைஃபிள்?"

எனக்கும்தான் பழக்கம். "எஸ்.எல்.ஆர். 7.62. நாலடிக்குக் கொஞ்சம் குறைச்சல்..." என்று ஆரம்பித்தேன். அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை 2022-ல் சட்டசபைக்கு வந்தபோது படித்தது. ஒரே காவலர் 17 ரவுண்டு சுட்டதும், ஓடுகிறவர்கள் மேல் சுட்டதும், முறையான எச்சரிக்கை இல்லாததும் அதில்தான் இருந்தது. அதையெல்லாம் சொல்லாமல் நீளத்தைத்தான் முதலில் சொன்னேன்.

டிரைவர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். கோபம் இல்லை.

"மூணு நாளா கேட்டுக்கிட்டுதான் வாரேன். நீளம் எம்புட்டு, கனம் எம்புட்டு, எந்தக் கைக்குத் தோது... எல்லாம் சரிதான். ஆனா அளவு எடுக்குத பக்கத்துல நாங்க நிக்கலையே அண்ணாச்சி! நான் அன்னைக்கு சவாரி எடுத்துக்கிட்டு அந்தா அந்தப் பக்கம் நின்னேன். சத்தம் மட்டுந்தான் கேட்டுச்சு. பட்டாசுன்னு நெனச்சேன்."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. நாங்களும்தான்.

என் வரவு - செலவில் ஒரு பக்கமே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. மூன்று நாளாக நாங்கள் போட்டது எல்லாம் கட்டையைத் தோளில் வைத்தவனின் கணக்கு. தோள் வலி, காது வலி, அக்குள் கஷ்டம். குழலுக்கு முன்னால் நின்றவர்களுக்கு அதில் ஒரு வரி கூட நான் ஒதுக்கவில்லை. பி.காம். படித்தவன் இப்படி ஒரு கணக்கை ஆடிட்டரிடம் கொண்டுபோனால் முகத்தில் விட்டெறிவார்.

ஏர்போர்ட்டில் இறங்கி, டிரைவருக்கு அத்தான் பணம் கொடுத்தார். மீதியை வாங்கிக்கொள்ளாமல் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் நின்றார். "வாரேன் அண்ணாச்சி" என்றார். சிங்கப்பூர்த் தமிழில் அந்த 'வாரேன்' முதல் தடவையாக வந்தது.

வாசலில் ஒரு காவலர் நின்றிருந்தார். தோளில் நீளத் துப்பாக்கி. நேற்று என்றால் அத்தான் பத்தடி தூரத்திலேயே மாடல், எடை, வருஷம் எல்லாம் சொல்லியிருப்பார்.

மக்ரூன் டப்பாவை மார்போடு அணைத்துக்கொண்டு, டிக்கெட்டை மட்டும் காட்டிவிட்டு உள்ளே போனார்.