கப்பலுக்கும் ஒரு ஜன்னல்

வைகாசி விசாகத் தேருக்காகத் திருச்செங்கோடு போயிருந்தேன். பெரியம்மா வீட்டு வாசலில் போர்வெல் லாரி நின்றுகொண்டிருந்தது. அந்த ஊரில் அது அதிசயமல்ல. தெருவுக்கு நாலு நிற்கும். ஆனால் இந்த லாரியின் முன்கண்ணாடியைக் கழற்றிவிட்டு வேறு மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"உடைஞ்சு போச்சுங்களா, பெரியம்மா?"

"உடையலை அம்மிணி. ஓரமெல்லாம் வெள்ளையாப் பூத்துப் போச்சு. ராத்திரியிலே எதிர் வண்டி வெளிச்சம் பட்டா ரோடே தெரியறதில்லையாம்."

சொல்லி முடிக்குமுன் பெரியம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "ஏனம்மிணி, கப்பல்லேயும் கண்ணாடி ஜன்னல்தானாமே? எவனாச்சும் சுட்டுப்போட்டா?"

அவள் கவலை எனக்குப் புரிந்தது. ஒரே பிள்ளை கடற்படையில் இருக்கிறான். லீவு முடிந்து, மறுநாள் விசாகப்பட்டினம் புறப்பட வேண்டும். திண்ணையில் இருந்த தம்பி சிரித்தான்.

"என் கப்பல் சங்கதியைக் கேட்காதீங்க அக்கா, சொல்லப்படாது. ஊரறிஞ்ச விஷயத்தைச் சொல்றேன். பீரங்கிக்கு எந்த ஜன்னலும் தாங்காது. பக்கத்திலே வர்ற படகிலிருந்து துப்பாக்கியாலே சுட்டா, அதைத் தடுக்கத்தான் இந்தக் கண்ணாடி. நம்ம மலைமேலே இருக்கிற சாமி மாதிரிங்கம்மா இது. ஒரே உடம்பிலே ரெண்டு பேர். வெளியே கண்ணாடி, உள்ளே பாலிகார்பனேட்ங்கிற பிளாஸ்டிக். கண்ணாடி தான் உடைஞ்சு குண்டை மழுங்கடிக்கும். பிளாஸ்டிக் வளைஞ்சு கொடுத்துப் பிடிச்சுக்கும்."

பெரியம்மாவுக்குத் திருப்தி. ஆனால் தம்பி அதோடு நிறுத்தவில்லை. சாமிக்குள் சண்டையில்லை, இந்த இரண்டுக்கும் உண்டு. வெயில் ஏறினால் கண்ணாடி ஒரு பங்கு விரிகிற நேரத்தில் பாலிகார்பனேட் 7 பங்குக்குமேல் விரியும். ராத்திரி குளிர்ந்தால் அதே கணக்கில் சுருங்கும். நடுவில் ஒட்டியிருக்கும் பசை தினமும் இழுபடும். ஒருநாள் ஓரத்தில் பிரியும். அங்கே உப்புத் தண்ணீர் நுழையும், வெண்மை பூக்கும்.

"இந்த லாரிக் கண்ணாடி கதைதான்" என்றேன்.

"அதேதான் அக்கா. துடைக்கிறதிலேகூட வம்பு இருக்கு. கரகரப்பான துணியாலே தேய்ச்சா பிளாஸ்டிக்கிலே கீறல் விழும். அசிட்டோன் மாதிரி திராவகம் பட்டா வெடிப்பே விடும். குண்டு படாமலே ஜன்னலை மாத்த வேண்டியிருக்கும்."

குண்டு என்றைக்கோ வரலாம், வராமலே போகலாம். வெயிலும் உப்பும் தினம் வருகின்றன. இது என் மனத்தில் பதிந்துவிட்டது.

சென்னை திரும்பியதும் புத்தகங்களைப் புரட்டினேன். 1903-ல் எதுவார் பெனடிக்டஸ் என்ற பிரெஞ்சு ரசாயன நிபுணரின் குடுவை ஒன்று தவறிக் கீழே விழுந்ததாம். விரிசல் விட்டதே தவிரச் சிதறவில்லை. உள்ளே காய்ந்துபோயிருந்த செல்லுலோஸ் நைட்ரேட் படலம் துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. அடுக்குக் கண்ணாடியின் ஆரம்பம் அதுதான். இன்று கண்ணாடிக்கும் பாலிகார்பனேட்டுக்கும் நடுவே, இழுப்புக்கு இசைந்து கொடுக்கும் பாலியூரிதேன் படலத்தை வைக்கிறார்கள். ஓரங்களில் ஈரம் புகாமல் அடைக்கிறார்கள்.

கனத்தைக் கூட்டிக்கொண்டே போகவும் முடியாது. ஜன்னல்கள் இருப்பது கப்பலின் மேல்தட்டில்; தலைக்கனம் கூடினால் கப்பல் நிலைகொள்ளாது. அதனால் ஸ்பைனல் பக்கம் பார்வை திரும்பியிருக்கிறது. இலங்கை ரத்தினக் கற்களில் ஸ்பைனலும் உண்டு. பிரிட்டிஷ் மகுடத்தில் கெம்பு என்று நெடுங்காலம் நம்பப்பட்ட 'கறுப்பு இளவரசரின் மாணிக்கம்' உண்மையில் ஸ்பைனல்தான்! அதே பொருளைப் பொடியாகச் செய்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கினால் பளிங்கு போன்ற தகடு கிடைக்கிறது. கண்ணாடியைவிடக் கடினம், மணலும் உப்புச் சாரலும் எளிதில் கீற முடியாது. அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக் கூடம் இதில் வெகுகாலம் உழைத்திருக்கிறது. நம் ஹைதராபாத்தில் ஏ.ஆர்.சி.ஐ. ஆராய்ச்சி மையமும் இத்தகைய தகட்டைச் செய்திருப்பதாக 2021-ல் செய்தி வந்தது. பெரிய தகடுகளாகச் செய்வதற்குத்தான் செலவு அதிகம்.

இதையெல்லாம் டெலிபோனில் பெரியம்மாவிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள்.

"ரத்தினக்கல் ஜன்னல் வர்றப்போ வரட்டும் அம்மிணி. அதுவரைக்கும் ஓரத்தைப் பார்த்துக்கிட்டே இருன்னு அவன்கிட்டே சொல்லியிருக்கேன். வெள்ளை பூத்தா உடனே மேலதிகாரிகிட்டே சொல்லோணும்னு சொல்லிப்போட்டேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"அதுதானுங்கம்மா என் வேலைன்னான்."